வளவுக்கோழிகளில் இனத்துக்கு நிறுத்த வேண்டியவை எவை: ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வீட்டு வளவுகளில் கோழிகள் எந்த ஒழுங்கில் குறைகின்றன என்பதைக் கவனித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். சித்திரைப் புத்தாண்டுக்கோ பெருநாளுக்கோ கோழி கேட்டு வருபவர், நிற்பவற்றில் மிகப் பெரிய சேவலையே கேட்கிறார். அதற்குத்தான் நல்ல விலையும் கிடைக்கிறது. விருந்தினர் வந்தால் கொழுத்த விடைக்கோழி கறியாகிறது. கோயிலுக்கு நேர்ந்து விடுவதும் பார்வையான சேவலைத்தான். கடைசியில் யாரும் கேட்காத, பிந்தி வளர்ந்த, எடை ஏறாத ஒரு சேவல் வளவில் எஞ்சுகிறது. அடுத்த வருடம் பொரிக்கும் குஞ்சுகள் அனைத்துக்கும் அதுவே தகப்பனாகிறது. ஊர்க்கோழி முன்போல் தேறுவதில்லை என்று பலர் குறைப்படுவதற்கு, தீனிக்கும் நோய்க்கும் அப்பால், இந்தப் பழக்கமும் ஒரு பெரிய காரணம் என்பதே என் கருத்து.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விதியைச் சார்ந்து நிற்கிறது: இனத்துக்கு நிறுத்த வேண்டியவற்றை முதலில் தெரிந்து குறியிட்டு ஒதுக்க வேண்டும், எஞ்சியவற்றையே விற்கவும் சமைக்கவும் வேண்டும். எவ்வாறு தெரிவது என்பதை இனிப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதற்படி: எதற்காக வளர்க்கிறோம் என்று முடிவு செய்தல்

எல்லா நற்குணங்களையும் ஒரே சமயத்தில் தேடினால் எந்தக் குணமும் முன்னேறாது. ஊர்ப்பேடு ஒன்று பொதுவாக ஓர் ஈட்டில் 10 முதல் 15 முட்டை இட்டுவிட்டு அடை கிடக்கிறது. வருடத்தில் மூன்று நான்கு ஈடுகள் என்றால் 30 முதல் 60 முட்டைகள் வரை கிடைக்கும். முட்டை மட்டுமே வேண்டும் என்ற வீட்டுக்கு அடை கிடக்கும் குணம் ஒரு குறை. தானே குஞ்சு பொரித்து வளர்க்கும் கோழி வேண்டும் என்ற வீட்டுக்கு அதுவே முதல் குணம். காத்தான்குடி, கல்முனை போன்ற நெருக்கமான இடங்களில் அடைத்து வளர்ப்பவரின் தேவையும், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வட்டை எனும் வயல்வெளி ஓரம் திறந்து விட்டு வளர்ப்பவரின் தேவையும் ஒன்றல்ல.

திறந்து வளர்க்கும் வளவுக்கு நான் பரிந்துரைக்கும் வரிசை இது: முதலில் நோயின்றித் தப்பி நிற்றல், அடுத்துக் குஞ்சுகளைக் காத்து வளர்க்கும் திறன், அதன் பின் முட்டையின் எண்ணிக்கை, கடைசியாக உடல் எடை. நிறத்துக்கு இந்த வரிசையில் இடமில்லை. எடையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. உடல் எடை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நன்றாகக் கடத்தப்படும் குணம். இரண்டு மூன்று தலைமுறைத் தெரிவிலேயே மாற்றம் தெரியும். முட்டையின் எண்ணிக்கை அப்படியன்று. அதில் தீனியும் காலநிலையும் பராமரிப்பும் பெரும் பங்கு வகிப்பதால், தெரிவின் பலன் மெதுவாகவே தெரியும். எடையை மட்டும் பார்த்துத் தெரிந்துகொண்டே போனால், தீனி அதிகம் தின்று முட்டை குறைவாக இடும் கனத்த பேடுகளே மிஞ்சும்.

இரண்டாம் படி: அடையாளமும் குறிப்பேடும்

எது எந்தப் பேட்டின் குஞ்சு என்று தெரியாமல் தெரிவு செய்ய முடியாது. வளர்ந்த கோழிகளுக்கு நிறமுள்ள பிளாஸ்டிக் கால் வளையம் போதும். வருடத்துக்கு ஒரு நிறமாக மாற்றினால் வயதும் தெரியும். வளையம் கிடைக்காவிட்டால் நிறத்துணியைக் கட்டலாம், ஆனால் கால் பருக்கும்போது அது இறுகிப் புண்ணாக்காதபடி மாதம் ஒருமுறை தளர்த்த வேண்டும். குஞ்சுகளுக்கு வேறு வழி உண்டு: ஒவ்வொரு பாதத்திலும் விரல்களுக்கிடையே இரண்டு சவ்வுகள் இருக்கின்றன, பொரித்த முதல் நாளிலேயே அவற்றில் சுத்தமான கருவியால் சிறு துளையிட்டால் அது வாழ்நாள் முழுவதும் அழியாது. இரண்டு பாதங்களிலும் உள்ள நான்கு சவ்வுகளைத் துளையிட்டும் விட்டும் வைத்தால் 16 விதமான அடையாளங்கள் கிடைக்கும். ஒரு வீட்டுக்கு அது தாராளம்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு பேட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி ஐந்து விடயங்களை மட்டும் எழுதினால் போதும்: ஈட்டின் முதல் முட்டை இட்ட திகதி, அந்த ஈட்டின் மொத்த முட்டை, அடைக்கு வைத்த முட்டை, பொரித்த குஞ்சு, இரண்டு மாதத்தில் உயிரோடு நிற்கும் குஞ்சு. இதற்கு மேல் எழுதத் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டாம் மாதத்திலேயே குறிப்பேடு கைவிடப்படும்.

மூன்றாம் படி: பேடுகளை அவற்றின் வேலையால் அளத்தல்

குறிப்பேட்டின் ஐந்து பதிவுகளில் கடைசியானதே மிகவும் பெறுமதியானது. எடுத்துக்காட்டாக, ஒரு பேடு 12 முட்டையில் 10 குஞ்சு பொரித்து, இரண்டு மாத முடிவில் மூன்று குஞ்சுகளோடு நிற்கிறது. இன்னொன்று 10 முட்டையில் எட்டுக் குஞ்சு பொரித்து ஆறு குஞ்சுகளோடு நிற்கிறது. பொரித்த நாளில் முதல் பேட்டையே எல்லோரும் பாராட்டுவார்கள். இனத்துக்கு நிற்க வேண்டியது இரண்டாவது. பருந்தின் நிழல் கண்டவுடன் குரல் கொடுத்துக் குஞ்சுகளைப் பற்றைக்குள் சேர்ப்பது, காகத்தையும் செண்பகத்தையும் எதிர்த்துப் பாய்வது, மழைக்கு முன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஒதுங்குவது, கிளறிக் காட்டித் தின்னப் பழக்குவது ஆகியவை எல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன.

ஆனால் ஒரே ஈட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்வது அநியாயம். கீரி ஒருநாள் கூட்டுக்குள் புகுந்தால் அது பேட்டின் குற்றமன்று. மார்கழி அடைமழையில் பொரித்த குஞ்சுகளையும் பங்குனியில் பொரித்தவற்றையும் ஒரே தராசில் நிறுக்கவும் கூடாது. குறைந்தது இரண்டு ஈடுகளைப் பார்த்து, அதே பருவத்தில் குஞ்சு வளர்த்த பேடுகளோடு ஒப்பிட்டே முடிவெடுக்க வேண்டும். ஒரு பேட்டின் குஞ்சுகளை மற்றொன்றுடன் சேர்த்து விட்டிருந்தால் அந்த ஈட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

வயது முதிர்ந்த பேடுகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முட்டை முதல் வருடத்தில்தான் அதிகம், பின்னர் வருடந்தோறும் குறையும் என்பது உண்மை. அதனால் மூன்று வயதுப் பேட்டை முதலில் விற்றுவிடும் வழக்கம் இருக்கிறது. மூன்று மாரிகளையும் மூன்று கோடைகளையும் திறந்த வளவில் தாண்டி இன்னும் குஞ்சு வளர்க்கும் ஒரு பேடு, தன் தகுதியை ஏற்கனவே நிரூபித்துவிட்டது. அதன் முட்டைகளை விற்காமல் அடைக்கு வைப்பதே அறிவுடைமை. மாறாக, முதன்முறை முட்டையிடும் விடைக்கோழியின் ஆரம்ப முட்டைகள் சிறியவை, அவற்றில் பொரிக்கும் குஞ்சுகளும் சிறியவை. அவற்றை வீட்டுத் தேவைக்கு எடுத்துக்கொண்டு இரண்டாம் ஈட்டிலிருந்து அடைக்கு வைக்கலாம்.

நான்காம் படி: கையில் பிடித்துப் பார்த்தல்

கோழிகள் கூட்டில் அடங்கிய பின் இரவில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது அவற்றுக்கும் நமக்கும் இலகு. முட்டையிடும் பேட்டின் எச்சத்துவாரம் அகன்றும் ஈரமாகவும் வெளிறியும் இருக்கும். முட்டை நிறுத்தியதில் அது சுருங்கி உலர்ந்து வட்டமாக இருக்கும். அதன் இருபுறமும் தட்டுப்படும் இடுப்பெலும்பின் நுனிகளுக்கிடையே இரண்டு மூன்று விரல்கள் நுழைந்தால் பேடு முட்டையில் இருக்கிறது. ஒரு விரலே நுழையுமானால் இல்லை. மஞ்சள் கால் உள்ள கோழிகளில் இன்னொரு சான்றும் உண்டு. முட்டையிடத் தொடங்கியதும் உடலின் மஞ்சள் நிறம் மஞ்சட்கருவுக்குச் செல்வதால் முதலில் எச்சத்துவாரமும், பின் கண் வளையமும் அலகும், கடைசியாகக் காலும் வெளிறும். ஆகவே கால் வரை வெளிறிய பேடு நெடுநாளாக முட்டையிட்டு வருகிறது. வெள்ளைக் கால், கருங்கால் கோழிகளில் இதைப் பார்க்க முடியாது.

இவை இன்றைய நிலையைத்தான் காட்டும். அடை கிடந்து எழுந்த நல்ல பேடும் இந்தச் சோதனையில் தோற்கும் என்பதால், குறிப்பேட்டோடு சேர்த்தே படிக்க வேண்டும். உடற்குறைகள் அப்படியல்ல. கோணலான நெஞ்செலும்பு, மேலும் கீழும் பொருந்தாத அலகு, வளைந்த விரல்கள், மங்கிய அல்லது ஒழுங்கற்ற கண்மணி ஆகியவற்றில் எதுவாயினும் உள்ள கோழியை, எவ்வளவு முட்டையிட்டாலும், இனத்துக்கு நிறுத்தக் கூடாது.

நோயைப் பற்றிய தீர்ப்பு

இதில் பலர் ஒரே அளவுகோலை வைத்துத் தவறுகிறார்கள். அம்மை வந்து ஆறித் தழும்போடு நிற்கும் கோழி இனத்துக்கு ஆகும். அந்தத் தழும்பு குஞ்சுக்குப் போகாது. ஆனால் புல்லோரம் எனப்படும் குஞ்சுக் கழிச்சல் நோயிலிருந்து தப்பிய கோழி, பார்வைக்கு நலமாக இருந்தாலும் கிருமியை முட்டை வழியாகக் குஞ்சுகளுக்குக் கடத்தக்கூடியது. மைக்கோபிளாஸ்மாக் கிருமியால் வரும் நாட்பட்ட சளி நோயும் அப்படியே: மூச்சில் கொரகொரப்பும் மூக்கில் நீரும் திரும்பத் திரும்ப வரும் கோழியின் முட்டையை அடைக்கு வைத்தால் நோயையும் சேர்த்துப் பொரிக்க வைத்தவர்களாவோம்.

இராணிக்கெற் என்றும் நியூகாசில் என்றும் சொல்லப்படும் நோயைத் தெரிவுக்குரிய பரீட்சையாக விட்டுவிடுவது தவறு. அது வந்தால் நல்லதும் போகும், அல்லாததும் போகும். அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு உரிய காலத்தில் எல்லாக் கோழிகளுக்கும் தடுப்பு மருந்து கொடுத்த பின், மற்றக் குணங்களில் எது மேல் என்று ஒப்பிட வேண்டும். பாதிக்கு மருந்து கொடுத்துப் பாதியை விட்டால் ஒப்பீடே பொருளற்றதாகிவிடும்.

ஐந்தாம் படி: சோடி சேர்க்கக் கூடாதவை

நம்முடைய ஊர்க்கோழிகளுக்குள் குட்டைக்காலும் சுருள் இறகும் மொட்டைக்கழுத்தும் கலந்திருக்கின்றன. இவற்றின் பரம்பரை ஒன்றுக்கொன்று வேறானது என்பதால் தனித்தனியே அறிந்திருப்பது நல்லது.

குட்டைக்கால் கோழி ஆழக் கிளறாது, வேலி பாயாது, நல்ல அடைத்தாய் என்று விரும்பப்படுகிறது. ஆனால் குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பேட்டையும் சேர்த்தால், அந்தக் குணத்தை இரு பக்கமும் பெறும் கரு முட்டைக்குள்ளேயே இறந்துவிடுகிறது. சராசரியாக நான்கு முட்டையில் ஒன்று இவ்வாறு வீணாகும். தாய் சரியாக அடை கிடக்கவில்லை என்று பழி சொல்வதற்கு முன் சோடியைப் பார்க்க வேண்டும். குட்டைக்கால் வேண்டுமென்றால் ஒரு பக்கம் மட்டும் குட்டைக்காலாக இருக்கட்டும். குஞ்சுகளில் பாதி குட்டைக்காலாக வரும், கருவும் இறக்காது. சுருள் இறகுக் கோழிகளிலும் இதே விதிதான்: இரண்டு சுருள் இறகுகளைச் சேர்த்தால் நாலில் ஒன்று முறிந்து உதிரும் இறகோடு பிறந்து மாரியில் குளிருக்குத் தாங்காது.

மொட்டைக்கழுத்துக்கு இந்த அச்சம் இல்லை. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அந்தக் குணத்தைப் பெற்ற கோழிக்குக் கழுத்தின் முன்புறம் ஒரு சிறு இறகுக் கொத்து இருக்கும்; இரு பக்கமும் பெற்றதற்குக் கழுத்து ஏறக்குறைய முழுதும் வெறுமையாக இருக்கும். முதலாவதில் உடல் இறகு ஏறத்தாழ 20 சதவீதமும் இரண்டாவதில் 40 சதவீதமும் குறைவதால், அவை உடற்சூட்டை எளிதில் வெளியேற்றுகின்றன. கச்சான் காற்று வீசி நிலம் வெடிக்கும் கோடையில் மற்றக் கோழிகள் வாய் பிளந்து இரைக்கும்போது இவை தின்றுகொண்டு திரிவதைக் காணலாம். அழகில்லை என்று கருதி இந்தக் கோழிகளை ஒதுக்குபவர்கள், நமது காலநிலைக்கு மிகவும் பொருத்தமான ஒன்றை இழக்கிறார்கள்.

ஆறாம் படி: வளரும் பருவத்தில் மூன்று முறை கழித்தல்

தாய் விட்டுப் பிரியும் இரண்டாம் மாதத்தில் நலிந்தவற்றையும் அங்கக் குறையுள்ளவற்றையும் மட்டும் விலக்க வேண்டும். அதற்கு மேல் அந்த வயதில் எதையும் சொல்ல முடியாது. நான்காம் மாதத்தில் சேவலும் பேடும் தெளிவாகிவிடும். அப்போது நல்ல தாய்களின் சேவல் குஞ்சுகளில் முதலிடம் பெறும் மூன்றையோ நான்கையோ வளையமிட்டு ஒதுக்கி, மற்றவற்றை விற்கலாம். ஏழாம் எட்டாம் மாதத்தில் பேடுகள் முட்டையிடத் தொடங்கியிருக்கும், சேவல்களும் முதிர்ந்திருக்கும். கடைசித் தெரிவு அப்போது. வளையமிட்ட சேவலுக்கு ஒருவர் எவ்வளவு விலை சொன்னாலும் கொடுப்பதில்லை என்று வீட்டில் எல்லோரும் முன்கூட்டியே உடன்பட்டிருக்க வேண்டும். அந்த உடன்பாடு இல்லாத வீட்டில் இதுவரை சொன்னவை அனைத்தும் வீண்.

ஏழாம் படி: சேவல்

பத்துப் பேடுகளுக்கு ஒரு சேவல் என்பது பொதுவான கணக்கு. ஒவ்வொரு பேடும் தன் குஞ்சுகளுக்கு மட்டும் பாதி பரம்பரையைக் கொடுக்க, சேவல் எல்லாக் குஞ்சுகளுக்கும் பாதியைக் கொடுக்கிறது. ஆகவே பத்துப் பேடுகளைத் தெரிவதற்குச் செலவிடும் கவனத்தை அந்த ஒரு சேவலுக்கும் செலவிட வேண்டும்.

சேவல் முட்டையிடாது, குஞ்சு வளர்க்காது. அதன் தகுதியை அதன் தாயின் பக்கத்தில் பார்க்க வேண்டும். குறிப்பேட்டின் பயன் இங்கேதான் முழுமையாகத் தெரியும்: இரண்டு ஈடுகளில் அதிகக் குஞ்சுகளை இரண்டு மாதம் வரை கொண்டுவந்த பேட்டின் மகனே முதல் தெரிவு. அதன் பிறகே உருவம். சிவந்த பூவும் தாடியும், தெளிந்த கண், நேரான நெஞ்செலும்பு, அகன்று ஊன்றிய கால்கள், உரத்த கூவல் ஆகியவற்றைப் பார்க்கலாம். இரை கண்டதும் தான் தின்னாமல் குரல் கொடுத்துப் பேடுகளை அழைக்கும் சேவல் நல்லது. ஆட்களைக் கொத்த வரும் சேவலைச் சிறுவர்கள் உள்ள வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

எட்டாம் படி: உறவு கலக்காமல் காத்தல்

ஒரே சேவலை வைத்து, அதன் மகள்களையும் அதற்கே விட்டு, பின் அதன் மகனையே சேவலாக்கும் வளவுகளில், நான்கு ஐந்து வருடத்தில் பொரிப்பு குறைந்து குஞ்சுகள் நோஞ்சானாகும். தகப்பனும் மகளும், அல்லது உடன்பிறந்தவையும் ஒரு தடவை கலந்தாலே அந்தக் குஞ்சுகளின் உள்ளினச் சேர்க்கை, அதாவது நெருங்கிய உறவு கலந்ததன் அளவு, 25 சதவீதம். பேடுகளைக் கூட்டினால் இது தீரும் என்று நினைப்பது சரியன்று. ஒரு சேவலும் பத்துப் பேடும் உள்ள கூட்டம், பரம்பரைக் கணக்கில் நான்கு கோழிகளுக்கும் குறைவான ஒரு கூட்டத்துக்குச் சமம். பேடுகளை இருபதாக்கினாலும் அது நான்கைத் தாண்டாது. பத்துப் பேடுகளோடு சேவலை இரண்டாக்கினால் ஏறத்தாழ ஏழாக உயர்கிறது. சேவலின் எண்ணிக்கையும் மாற்றமுமே இதற்கு மருந்து.

இதற்கு மூன்று வீடுகள் சேர்ந்து செய்யும் முறை மிகச் சிறந்தது. முதல் வீட்டில் பிறந்த சேவல் இரண்டாம் வீட்டுக்கும், இரண்டாம் வீட்டுச் சேவல் மூன்றாம் வீட்டுக்கும், மூன்றாம் வீட்டுச் சேவல் முதல் வீட்டுக்கும் வருடந்தோறும் போக வேண்டும். பேடுகளும் அவற்றின் மகள்களும் பிறந்த வீட்டிலேயே நிற்க வேண்டும். மட்டக்களப்புக் குடிவழமையில் பிள்ளை தாயின் குடியைச் சேர்வதும், பெண் தாய்வீட்டோடு இருக்க மாப்பிள்ளை அங்கே வருவதும் போன்ற ஒழுங்கு இது என்று சொன்னால் எங்கள் ஊர்களில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அக்கா தங்கைகள் அடுத்தடுத்த வளவுகளில் குடியிருப்பதால் இதைத் தொடங்குவதும் எளிது. சுழற்சி எப்போதும் ஒரே திசையில் இருக்க வேண்டும். ஒரு வருடம் முறை மாறினாலும் கணக்குக் குழம்பும்.

நான்காவதாக, சற்றுத் தொலைவில், மேட்டு நிலத்தில் உள்ள உறவினர் வீடு ஒன்றிலும் சில நல்ல பேடுகளை வைப்பது நன்று. 2011 ஜனவரியில் இரு மாவட்டங்களையும் மூடியது போன்றதொரு வெள்ளம் வந்தால், அடுத்தடுத்த மூன்று வளவுகளும் ஒன்றாகவே மூழ்கும்.

ஒன்பதாம் படி: தெரிந்த சோடியின் முட்டையை அடைக்கு வைத்தல்

திறந்த வளவில் அயல்வீட்டுச் சேவலும் வந்து போகும். பேட்டின் உடலில் சேவலின் விந்து இரண்டு கிழமை வரை, சிலவற்றில் மூன்று கிழமை வரையும், கருத்தரிக்கச் செய்யும் வலுவோடு இருக்கும். எனவே தெரிந்த பேடுகளைத் தெரிந்த சேவலோடு வலை அடைப்புக்குள் விட்டு, மூன்று கிழமை கழிந்த பின் இடும் முட்டைகளையே இனத்துக்கு எடுக்க வேண்டும். வருடம் முழுவதும் அடைக்கத் தேவையில்லை. அடைக்கு வைக்கும் பருவத்துக்கு மட்டும் போதும்.

அந்தப் பருவம் பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனி மாதங்கள் என்பது என் கருத்து. மழை ஓய்ந்திருக்கும், வட்டையில் சிந்திய நெல் இருக்கும், கச்சானின் வெக்கை இன்னும் தொடங்கியிராது. கார்த்திகை முதல் தை வரையான அடைமழையில் பொரிக்கும் குஞ்சுகளைக் குளிரும் இரத்தக் கழிச்சலும் கொண்டுபோகும்.

முட்டையில் பென்சிலால் திகதியும் பேட்டின் அடையாளமும் எழுத வேண்டும். நமது வெப்பத்தில் முட்டை வெளியே கிடந்தாலே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி இறந்துவிடும். ஈட்டின் முதல் முட்டை, பேடு அடை கிடக்கும் நாளில் இரண்டு கிழமைப் பழசாகியிருக்கும். ஆகவே முதல் முட்டைகளைச் சமையலுக்கு எடுத்து, கடைசி ஏழு நாள் முட்டைகளையே அடைக்கு வைக்க வேண்டும். அதுவரை ஈரமணல் பரப்பிய மண்சட்டிக்குள் இன்னொரு சட்டியை வைத்து, அதில் கூர்முனை கீழாக அடுக்கி நிழலில் வைக்கலாம். கழுவக் கூடாது. மிகச் சிறியதும் மிகப் பெரியதும் கோணலானதும் வேண்டாம். ஏழாம் நாள் இரவு டோர்ச் வெளிச்சத்தில் பார்த்து, நரம்பு ஓடாத முட்டைகளை எடுத்துவிடலாம். 21 ஆம் நாளில் பொரிக்கும். ஒரே பேட்டின் முட்டைகள் மட்டும் பல தடவை வெறுமையாக இருந்தால் குறை அந்தப் பேட்டில். எல்லாப் பேடுகளின் முட்டைகளும் அப்படியென்றால் சேவலில்.

வெளியிலிருந்து கொண்டுவருதல்

மூன்று வீட்டுச் சுழற்சியிலும் சில வருடங்களுக்கு ஒருமுறை புதிய இரத்தம் வேண்டும். சந்தையில் சேவல் வாங்குவதை விட, நோயின்றி நன்றாக நிற்கும் ஒரு தூர ஊர்க் கூட்டத்திலிருந்து முட்டை வாங்கி நம் பேட்டின் கீழ் வைப்பதே பாதுகாப்பானது. முட்டை வழியே கடத்தப்படும் சில நோய்களைத் தவிர மற்றவை உள்ளே வராது. சேவலாகத்தான் கொண்டுவர வேண்டுமென்றால், நம் கோழிகளின் கூட்டுக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்கும் எட்டாத இடத்தில் ஒரு மாதம் தனியே வைத்து, நம் கோழிகளைப் பராமரித்த பின்னரே அதற்குத் தீனி போட வேண்டும். பண்ணைகளில் முட்டைக்கென வளர்க்கும் கலப்பினக் கோழிகளோடு ஊர்க்கோழியைக் கலந்தால் முதல் தலைமுறையில் முட்டை கூடும்; ஆனால் அந்தக் கோழிகள் பெரும்பாலும் அடை கிடக்காதவை, கலப்பின் அடுத்த தலைமுறையும் ஒன்றுபோல் வராது. அத்தகைய கலப்பு வேண்டுபவர் அதைத் தனிக் கூட்டமாக வைத்து, வளையமிட்ட ஊர்ப்பேடுகளிடம் அதன் சேவல் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.